குகை மைக் செட் அண்ணன்: செலவு 8,950 ரூபாய், ரசீது கிடையாது

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சேலம் குகையில் மாரியம்மன் கோயிலைத் தாண்டிப் போய், வாசலில் இரண்டு பாக்ஸ் குப்புறக் கிடக்கும் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். கேட்காமலும் கண்டுபிடிக்கலாம். ஆம்பிளிஃபயரைத் திறந்து போட்டுவிட்டு "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒரு பையன் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருப்பான். கல்யாணம், காதுகுத்து, கபடி, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் செட் போகிறது. நான் எடுத்தது ரக்பி லீக்குக்கு, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஓர் ஆட்டம். அவருக்கும் அதுதான் முதல் தடவை, எனக்கும் அதுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். எத்தனை கிராம் வெள்ளி உள்ளே போனது, எத்தனை கிராம் கொலுசாக வெளியே வந்தது, சேதாரம் எவ்வளவு என்று பதினோரு வருஷமாக இதே வேலை. அந்த ஒரே காரணத்துக்காக, கிளப் ஆரம்பித்த அன்று "அக்கா, நீதான் பொருளாளர்" என்று தம்பி நோட்டை நீட்டிவிட்டான். பந்து முட்டை மாதிரி இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

தம்பி பிரிஸ்பேனில் படித்தவன். 2023 மார்ச்சில் அந்த ஊரில் டால்ஃபின்ஸ் என்ற புது கிளப், ஆஸ்திரேலியாவின் பெரிய லீக்கான என்ஆர்எல்லில் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. எதிரில் சிட்னி ரூஸ்டர்ஸ், பழம் தின்று கொட்டை போட்ட அணி. புதுசு தோற்கும் என்றுதான் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். 28–18 என்று புதுசு ஜெயித்துவிட்டது. சன்கார்ப் ஸ்டேடியத்தின் மேல் வரிசையிலிருந்து வீடியோ காலில் எனக்குக் காட்டினான். நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது. ஊருக்குத் திரும்பி வந்தவன் வேலை தேடியதைவிட ஆள் தேடியதுதான் அதிகம்.

அந்தக் கதையில் ஒரு சங்கதியை அவன் ரொம்ப நாள் என்னிடம் சொல்லவில்லை. டால்ஃபின்ஸ் முழுக்கப் புது கிளப் கிடையாது. பிரிஸ்பேனுக்குப் பக்கத்திலிருக்கும் ரெட்கிளிஃபில் 1947லேயே ஆரம்பித்த கிளப்தான் அதற்குத் தாய்வீடு. சிவப்புச் சட்டை போட்டுத் தாத்தா, அப்பா, பேரன் என்று வந்த கூட்டம் ஏற்கெனவே இருந்தது. புது கிளப் அந்தக் கூட்டத்தின் தோளில் ஏறி நின்றது. எங்களுக்கு 1947 எல்லாம் ஏது? இருந்ததெல்லாம் 19 பையன்கள், 4 பந்து, ஏற்காடு மலை தெரிகிற மாதிரி கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு செம்மண் திடல்.

கூட்டம் சேர்க்க முதலில் ஒரு விளம்பரக் கம்பெனியைப் பிடித்தோம். பெயர் வேண்டாம். 18,000 ரூபாய்க்கு 6 ரீல்ஸ், 3 ஃபிளக்ஸ். ரீல்ஸை நாற்பதாயிரம் பேர் பார்த்ததாக ஒரு படம் அனுப்பினார்கள். ஆட்டத்தன்று திடலுக்கு வந்தவர்கள் 31 பேர். நானே எண்ணினேன். அதில் இருவர் டீக்காரர்கள், ஒருவர் ஃபிளக்ஸ் கட்டியவர், பாக்கிப் பணத்துக்காக நின்றுகொண்டிருந்தார். ஃபிளக்ஸில் ஹெல்மெட் மாட்டிய அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பையன்களில் யாரிடமும் ஹெல்மெட் கிடையாது, அதில் பாதிப் பேர் வண்டியிலும் போடுவதில்லை.

அதற்கப்புறம்தான் பட்டறையில் கொலுசுக்குப் பற்ற வைக்கும் பையன் ஒருவன் சொன்னான். "அக்கா, எங்க ஊர் கபடிக்கு ஒரு மைக் செட் அண்ணன் வருவாரு. அவர் பேசினா வீட்டுல கெடக்கிற கெழவிகூட எந்திரிச்சு வரும்." தம்பிக்கு இஷ்டமே இல்லை. மைக் செட் என்றால் பழைய பாட்டும் 'வெள்ளை நிற மாருதி காரின் உரிமையாளர் உடனடியாக மேடைக்கு வரவும்' என்பதும்தான் என்று நினைத்தான். நான் மட்டும் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் குகைக்குப் போனேன்.

அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் துண்டு. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு பக்கத்துக்கு எத்தனை பேரும்மா?"

"13 பேருங்ணா."

"கபடிக்கு ஏழு. சரி. தொட்டுட்டுத் திரும்பி வரணுமா?"

"திரும்பவே கூடாதுங்ணா. எதிராளி கோடு வரைக்கும் நேரா போய்க்கிட்டே இருக்கணும்."

"அப்ப பாட்டு?"

"பாட்டு கெடையாது. மூச்சு விடலாம்."

இதைக் கேட்டதும் பேனாவை நிறுத்திவிட்டார். கபடியில் இத்தனை வருஷம் மூச்சு அடக்கிப் பாடுகிறவனைப் பார்த்துப் பேசியவருக்கு, மூச்சு விட்டுக்கொண்டே ஆடும் ஆட்டம் கொஞ்சம் மட்டமாகப் பட்டிருக்கும்.

"புடிச்சா அவுட்டா?"

"அவுட் இல்லீங்ணா. எந்திரிச்சுப் பந்தைக் கால்ல பின்னாடி உருட்டி விட்டுட்டு மறுபடி ஆடலாம். ஆறாவது தடவை புடிபட்டா பந்து அவங்க கைக்குப் போயிரும். கையில குடுக்கிறதா இருந்தா பின்னாடி வர்றவனுக்குத்தான் குடுக்கணும், முன்னாடி எறியக் கூடாது."

பத்திரிகையில் 'ஆறு பிடி' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அதற்குக் கீழே 'ஓட்டம் முன்னாடி, கை பின்னாடி'. நான் மூன்று மாதமாக ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் விளக்கிய விஷயம் அவருக்கு ஆறு வார்த்தையில் அடங்கிவிட்டது. பணத்தை அந்த நிமிஷமே எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் பேரம் பேசாமல் வந்தால் செவ்வாய்ப்பேட்டையில் என் மரியாதை என்னாவது?

எதிராளி கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் வைப்பதற்கு ட்ரை என்று பெயர். அந்தச் சொல்தான் அவருக்கு இறங்கவேயில்லை. "ட்ரை பண்ணினதுக்கே நாலு பாயிண்டா? அப்ப முடிச்சா எத்தனை?" என்றார். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைத்தால் புள்ளியே கிடையாதாம். கோல் உதைக்க ஒரு வாய்ப்பு, ஒரு ட்ரை, கிடைக்கும், அவ்வளவுதான். பிற்பாடு அதற்கே புள்ளி கொடுத்து, லீக்கில் 3 ஆக இருந்ததை 1983ல் 4 ஆக்கியிருக்கிறார்கள். உதைத்தால் மேலே 2. அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மண் தொட்டாச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றார். ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஒரு நல்ல பெயர் வைத்துவிட்டார்.

இனி சேவை. முந்தின நாள் ஆட்டோ அறிவிப்பு, ஆட்டத்தன்று திடலில் அரை நாள் செட், பேச அவரே. இரண்டு பாக்ஸ், ஒரு ஆம்பிளிஃபயர், இரண்டு கார்ட்லெஸ் மைக், ஜெனரேட்டர். போலீஸ் ஸ்டேஷன் அனுமதிக்கு மனு எழுதுவது நம் வேலை, ஆனால் எப்படி எழுதினால் ஒரே நடையில் முடியும் என்று சொல்லிக்கொடுத்தார். கூம்புக் குழாய் கட்ட மாட்டார், இரவு 10 மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூட ஓட விட மாட்டார். இந்த இரண்டிலும் ஆள் கறார்.

ஆட்டோ அறிவிப்புக்கு ஒரு நாள் நானும் கூடவே போனேன், பணம் கொடுத்தவள் பார்க்க வேண்டுமே. கோரிமேடு, கன்னங்குறிச்சி, சின்னத்திருப்பதி, அஸ்தம்பட்டி. பதிவு செய்த குரல் கிடையாது, தெருவுக்குத் தெரு அவரே பேசுகிறார். "நாளை மாலை நாலு மணிக்கு மாபெரும் ரக்பி லீக்கு" என்று சொல்லிக்கொண்டு போனபோது, குழாயடியில் இருந்த ஓர் அம்மா குடத்தை வைத்துவிட்டு வண்டியை மறித்தது. "எந்த பைப்பு லீக்கு? மூணு நாளா நாங்க சொல்லிக்கிட்டு இருக்கோம், நாளைக்கு நாலு மணிக்குத்தான் வருவீங்களா?" அண்ணன் சளைக்கவில்லை. அதற்கடுத்த தெருவிலிருந்து, "தாய்மார்களே, இது தண்ணி லீக்கு அல்ல, ரக்பி லீக்கு! ஆறு பிடி ஆட்டம்! நம்ம கபடிக்குப் பங்காளி!" என்று மாற்றிவிட்டார். அந்த 'பங்காளி' நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்தப் பேச்சில் ஒரு பொய்யும் கிடையாது. 26 பேர் வேண்டிய ஆட்டத்துக்கு எங்களிடம் 19 தான். மீதி ஏழு பேரும் மாற்று ஆட்களும் பக்கத்து ஊர்க் கபடிப் பையன்கள். ஓடி வருகிறவனின் இடுப்பைக் கட்டி மண்ணில் சாய்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தை என்ன செய்வது என்பதைத்தான் சொல்லித்தந்தோம்.

ஆட்டத்தன்று செட் வந்தது முக்கால் மணி நேரம் தாமதமாக. முதல் குறை இது. தை மாதம், காலையில் ஒரு முகூர்த்தத்தில் மாட்டிக்கொண்டாராம். அதைவிட வேடிக்கை எங்கள் கோல் கம்பம். சவுக்குக் கழி நட்டு, 3 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கழி கட்டச் சொல்லிப் பந்தல்காரரிடம் விட்டிருந்தோம். கம்பத்துக்குக் கம்பம் ஐந்தரை மீட்டர் என்று டேப் வைத்துச் சரியாகத்தான் கட்டியிருந்தார். ஆனால் இரண்டு பக்கமும் வாழை மரமும் கட்டிவிட்டுப் போய்விட்டார். வாசல் வளைவு என்று நினைத்திருக்கிறார். அந்த வழியாகப் போன ஒரு குடும்பம், மொய்க் கவர் எங்கே வைப்பது என்று கேட்டது.

நான்கே முக்காலுக்கு ஆட்டம் ஆரம்பம். சிவப்பு பனியன் ஒரு பக்கம், வெள்ளை பனியன் ஒரு பக்கம். முறைப்படி 80 நிமிஷம் ஆட வேண்டும். இந்தச் செம்மண்ணில் எண்பது நிமிஷம் ஆடினால் மறுநாள் ஒருவனும் பட்டறைக்குப் போக மாட்டான், அதனால் பாதிக்கு 20 நிமிஷம்.

முதல் பத்து நிமிஷம் அண்ணன் செய்தது ஒரு கூத்து. ஒவ்வொரு முறை ஆளைச் சாய்த்தபோதும் கபடி வழக்கத்தில் பிடித்த அணிக்கு ஒரு புள்ளி போட்டுக்கொண்டே போனார். திடலில் இன்னும் யாரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, மைக்கில் "சிவப்பு 14, வெள்ளை 9" என்று ஓடிக்கொண்டிருந்தது. தம்பி தலையில் அடித்துக்கொண்டு கோட்டோரமாக ஓடி வந்தான். அதற்கப்புறம் நான் சின்னச் சீட்டில் ஸ்கோர் எழுதி அவர் கையில் திணிப்பது என்று ஏற்பாடு. நீங்கள் எந்த ஆட்டத்துக்கு இவரை அழைத்தாலும் சீட்டு எழுத ஓர் ஆளைப் பக்கத்தில் போடுங்கள்.

ஆனால் அவர் பிடியை எண்ணியது இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன்.

"முதல் பிடி! எந்திரிக்கிறாரு, கால்ல உருட்டுறாரு, வாங்கிட்டாரு. ரெண்டாம் பிடி! ஓட்டம் முன்னாடி, கை பின்னாடி, குடுத்துட்டாரு. மூணு!" அவசரமில்லாத குரல். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஆட்டம் என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு வாக்கியம். முதலில் கூட்டம் சும்மா பார்த்தது. பிறகு காம்பவுண்டுச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த பொடியன்கள் அவரோடு சேர்ந்து "நாலேய்!" என்றார்கள். அடுத்த முறை நாற்காலி வரிசையும் சேர்ந்துகொண்டது. அதைக் கவனித்துவிட்டு அவர் என்ன செய்தார் தெரியுமா, மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். மூன்று வரைக்கும்தான் அவர் சொன்னார், நான்கு ஐந்தைத் திடல் சொன்னது. விளக்கமே தேவைப்படவில்லை. ஐந்து என்றால் இன்னும் ஒரு பிடிதான் மிச்சம், இனி உதைத்தே ஆக வேண்டும் என்று பத்து வயசுப் பையனுக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் ஒரு தடவை "அஞ்சேய்!" என்று கூட்டம் முடிக்கும்போது வெள்ளை அணிக்காரன் மூலையைப் பார்த்து உதைத்தான். மலைப் பக்கமிருந்து காற்று இறங்குகிற நேரம். பந்து மேலே போய்த் தயங்கி, திரும்பி, கீழே விழுந்து, முட்டை இல்லையா, யாரும் நினைக்காத பக்கம் துள்ளியது. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் பையன் ஒருவன் ஓரத்தில் தனியாக ஓடி வந்தவன், அதை முழங்காலுக்குக் கீழே வைத்து அள்ளி, வாழை மரத்துக்கு இரண்டு அடி தள்ளி மண்ணில் குத்தினான். "மண் தொட்டாச்சு!" அண்ணன் கத்தியதும் டிவிஎஸ் எக்ஸ்எல்லை விட்டு இறங்காமலே அதுவரை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். பேட்டரி போயிருக்கும்.

அதற்கப்புறம் அன்பளிப்பு ஆரம்பித்தது. கபடி பார்த்தவர்களுக்குத் தெரியும். 'அடுத்த ரைடில் புள்ளி எடுத்தால் இன்னார் சார்பாக நூறு ரூபாய்' என்று மைக்கில் சொல்வார்கள். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கோரிமேட்டு மளிகைக் கடைக்காரர் ஒருவர் அண்ணன் காதில் ஏதோ சொல்ல, "அடுத்து மண் தொடும் வீரருக்கு 200 ரூபாய்!" என்று வந்தது. பின்னாலேயே எதிர் அணியின் ஊர்க்காரர் ஒருவர், "அவனை அஞ்சு பிடிக்குள்ள நிறுத்துறவனுக்கு 250!" ஆட்டம் முடிவதற்குள் 2,600 ரூபாய். வெள்ளை 16, சிவப்பு 10. என் சீட்டுப்படி.

கூட்டத்தை நான் மோர் டம்ளரை வைத்து எண்ணினேன். 500 பேப்பர் கப் வாங்கியதில் 88 மிச்சம். "ஒருத்தனே ரெண்டு தடவை குடிச்சிருப்பான்க்கா" என்றான் தம்பி. சரி என்று கணக்கில் 300 பேர் என்று எழுதினேன். தட்டுவடை செட் போட வந்த அக்காவுக்கு ஆறு மணிக்கே கேரட்டும் பீட்ரூட்டும் தீர்ந்து, கடைசியாக வந்தவர்களுக்கு வெறும் தட்டுவடையில் சட்னி தடவிக் கொடுத்தது. போன தடவை 31.

குறையைச் சொல்லாமல் விட்டால் அது விமர்சனமாகாது. தாமதத்தையும் ஸ்கோரையும் சொல்லிவிட்டேன். ஆட்டம் மும்முரமாக இருக்கும்போது நடுவில் பஞ்சர் கடை விளம்பரம் ஒன்று படித்தார், தனியாகக் காசு வாங்கியிருப்பார் போல. மைக் இரண்டு முறை வீல் என்று கத்தி நாய்களை எழுப்பியது. இதெல்லாம் சில்லறை.

ஒன்று சில்லறை இல்லை. முதல் பாதியில் ஒரு பையன் வயிற்றில் இடிபட்டு மல்லாந்து படுத்தான். அடி பலமில்லை, மூச்சு அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அண்ணன் கபடி மேடைக் குரலில், அவன் பேர் சொல்லி, "மண்ணில் சாய்ந்து கிடக்கிறார், எழுந்திருப்பாரா, மாட்டாரா!" என்று இழுத்தார். அவன் அம்மா தட்டுவடைக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. தட்டைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் திடலுக்குள் ஓடி வந்த அந்த ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மகன் அதற்குள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குத்தான் கை நடுங்கியது. அது இன்னொரு முறை மகனை அனுப்புமா என்று எனக்குக் கவலை. ஒரு குடும்பத்தைச் சேர்ப்பதற்கு ஒரு வருஷம், விரட்டுவதற்கு ஒரு வாக்கியம் போதும். இடைவேளையில் அண்ணனிடம் நேராகவே சொன்னேன், "அடிபட்டா பேர் சொல்லாதீங்ணா, ஒண்ணும் சொல்லாதீங்க." முகம் சுருங்கினாலும் கேட்டுக்கொண்டார். இரண்டாம் பாதியில் இன்னொருவன் விழுந்தபோது, "வீரர் மூச்சு வாங்குறாரு, அதுக்குள்ள மோர் குடிக்கிறவங்க குடிச்சுக்கலாம்" என்றார்.

பணக் கணக்கு. துண்டு ஏந்தியதில் 4,270 வந்தது. அன்பளிப்பு 2,600 யார் பெயருக்குச் சொன்னார்களோ அவர்களுக்கே போனது. அதில் கிளப் கை வைக்கக் கூடாது என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். துண்டுப் பணத்திலிருந்தும் நான்கு பேருக்கு ஆளுக்கு 400 கொடுத்தோம். முகூர்த்தக் காலத்தில் பட்டறைக்கும் தறிக்கும் ஞாயிறு கிடையாது, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். விளையாட்டுக்குக் காசு கொடுத்தால் பெயர் கெட்டுவிடாதா என்று ஓர் உறுப்பினர் முணுமுணுத்தார். தம்பி அவரை உட்காரவைத்துக் கதை சொன்னான். இந்த ஆட்டம் பிறந்ததே இந்தச் சண்டையில்தான். 1895 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஓட்டலில் வடக்கத்தி கிளப்புகள் கூடிப் பழைய ரக்பி சங்கத்தை விட்டு வெளியேறின. ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் சனிக்கிழமைக் கூலியை இழந்து ஆட வேண்டியிருந்தது, அதை ஈடுகட்டப் பணம் கொடுக்கக் கூடாது என்றது சங்கம். பிரிந்து வந்தவர்கள் ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று வைத்தார்கள். 15 பேர் ஆட்டம் 13 பேராகச் சுருங்கியது அதற்கப்புறம், 1906ல். இந்தக் கதையை நான் ஆட்டத்தன்று மத்தியானமே அண்ணனிடம் சொல்லியிருந்தேன். துண்டு ஏந்தும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "இது கூலிக்காரன் ஆட்டம். கூலியை விட்டுட்டு வந்திருக்கான். பார்த்துப் போடுங்க." குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி ஓட்டும் ஊரில் இதற்கு மேல் என்ன சொல்ல?

300 பேர் வந்தார்கள் என்று தம்பி துள்ளுகிறான். நான் துள்ளவில்லை. அவனே சொன்ன கதைகள்தான் காரணம். 1980ல் லண்டனில் ஃபுல்ஹாம் என்று புது ரக்பி லீக் கிளப் ஆரம்பித்தார்கள். முதல் ஆட்டத்துக்கு 9,554 பேர், விகன் மாதிரி ஜாம்பவானை 24–5 என்று அடித்தார்கள். நான்கு வருஷத்தில் அந்த மைதானமே கைவிட்டுப் போய்விட்டது. டொராண்டோவில் 2017ல் ஆட ஆரம்பித்த கிளப்புக்குக் கூட்டத்துக்குக் குறைவே இல்லையாம், 2020ல் இங்கிலாந்தின் சூப்பர் லீக்குக்கே போய்விட்டது. அதே வருஷம் கொரோனாவும் பணமுடையும் சேர்ந்து பாதியிலேயே விலகியது. பொருளாளருக்குத் தூக்கம் கெடும் கதை. பிரான்சின் பெர்பினியான் கிளப், கட்டலான் டிராகன்ஸ், 2006ல் சூப்பர் லீக்கில் சேர்ந்த முதல் வருஷம் கடைசி இடம். பொறுத்திருந்து 2018ல் சேலஞ்ச் கோப்பையைத் தூக்கியது. எனக்குப் பிடித்தது அந்தக் கணக்குதான், பன்னிரண்டு வருஷத் தவணை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 2025 ஜூனில் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வாங்கியதிலிருந்து, "நீங்க அந்த ரக்பியா?" என்று கேட்கிறார்கள். அது ஏழு பேர் ஆட்டம், யூனியன், அதாவது நாங்கள் பிரிந்து வந்த அந்தப் பழைய ரக்பி சங்கத்தின் வழியில் வந்தது. பெயரில் 'லீக்' இருப்பதால் வந்த வினை. அண்ணனிடம் இதை விளக்கப் போனேன். "பெரியப்பா வீட்டுப் பையன், சித்தப்பா வீட்டுப் பையன், விடும்மா" என்று முடித்துவிட்டார்.

கடைசியாக வேண்டியவர்களுக்கு விவரம். திடலில் அரை நாள் 5,500, ஆட்டோ அறிவிப்பு 1,800. ஜெனரேட்டர் டீசல் நம்முடையது, எங்களுக்கு 1,350 ஆனது. கார்ட்லெஸ் மைக்குக்கு பேட்டரி என்று 300 தனியாகக் கேட்பார், கொடுத்துத்தான் ஆக வேண்டும். மொத்தம் 8,950. ரீல்ஸ் கம்பெனிக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. முகூர்த்த நாளாகப் பார்த்து வைக்காதீர்கள், தாமதமாகும். ஆடி மாதம் பக்கத்திலேயே போகாதீர்கள். குகையில் வண்டி வேடிக்கை வந்தால் சாமி வேஷம் கட்டிய வண்டிகளுக்கு நடுவே அவர் இருப்பார், போனை எடுக்கவே மாட்டார். எங்கள் அடுத்த ஆட்டத்துக்கு மாம்பழ வரத்து தொடங்கும் நேரத்தில் ஒரு ஞாயிறு சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ரசீது கேட்டால் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்தான் கிடைக்கும். தணிக்கைக்கு அதை எப்படி ஒட்டுவது? அதனால் கடைவீதியில் 60 ரூபாய்க்கு ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கி, கார்பன் தாளும் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக முதல் ரசீதை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். 'ரக்பி லீக்கு. ஆறு பிடி. 1 நாள். நன்றி.' தொகை போட மறந்துவிட்டார்.